கடையைத் திருத்துமுன் எடுக்க வேண்டிய அனுமதிகள்

(வெருகல் பிரதேசத்தில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் எமது கள உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வயல் வேலையையும் தோணி வேலையையும் ஒரு பொழுது விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் விசயத்துக்கு நேரே வருகிறேன்.

2006ஆம் ஆண்டு ஈச்சிலம்பற்றுப் பகுதியிலிருந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனபோது கடையைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு போனவர்கள் இங்கே இருக்கிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால் பூட்டும் இல்லை, கதவும் இல்லை, கூரையும் இல்லை. சிலருக்குச் சுவர் மட்டும் மிஞ்சியது. சிலருக்கு அத்திவாரம் மட்டும். வீட்டுக்கு ஏதோ ஒரு உதவித் திட்டம் வந்தது. கடைக்கு அப்படி வரவில்லை. நகையை அடகு வைத்தும், சீட்டுப் பிடித்தும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை அனுப்பிய காசிலும்தான் கடையைத் திருத்தப் போகிறீர்கள். அந்தக் காசு ஒருமுறைதான் வரும். அதைச் சுவரில் போடுமுன், அந்தச் சுவர் நிற்கக்கூடிய இடத்தில்தான் நிற்கிறதா என்று எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கதைக்காகச் சொல்வது, யாரையும் குறித்து அல்ல. பிரதான வீதியோரத்தில் ஒரு சில்லறைக் கடை. காணி கணவரின் பெயரில் அரசாங்கப் பேமிற். கணவர் இப்போது இல்லை. பேமிற்றும் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. மூன்று பக்கச் சுவர் நிற்கிறது. அந்த அக்கா கூரை போட்டு, முன்பக்கத்தை ஆறடி நீட்டி, ஒரு பக்கத்தில் தேநீர்க் கடையும் நடத்த நினைக்கிறா. மேசன் நாளைக்கே வரத் தயார். அவ எங்கே தொடங்க வேண்டும்?

எந்த வேலைக்கு அனுமதி வேண்டும்

நம்மில் பலர் புதுக் கட்டடத்துக்குத்தான் அனுமதி, பழைய கட்டடத்துக்குத் தேவையில்லை என்று நினைக்கிறோம். அது பிழை. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் புதிதாகக் கட்டுவதையும், இடிந்ததைத் திரும்பக் கட்டுவதையும், இருக்கிற கட்டடத்தை மாற்றுவதையும் சேர்த்தே பேசுகிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டம் இந்தப் பொறுப்பை எங்கள் பகுதியில் பிரதேச சபையிடம் கொடுத்திருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், கூரையைப் புதிதாக ஏற்றுவது, வெளிச்சுவர் கட்டுவது, முன்பக்கத்தை நீட்டுவது, அறை கூட்டுவது, வீட்டின் விறாந்தையை அடைத்துக் கடையாக்குவது எல்லாவற்றுக்கும் சபையின் அனுமதி வேண்டும். சுண்ணாம்பு அடிப்பது, உடைந்த நாலு ஓட்டை மாற்றுவது, உள்ளே றாக்கை அடிப்பது போன்ற வேலைகளுக்குப் பொதுவாகத் தேவைப்படாது. இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

முதலாவது, காணி யாருடையது

சபைக்குப் போனதும் முதலில் கேட்பது காணிப் பத்திரம். இங்கே பலருக்கு அது இல்லை. அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். தொலைந்த பத்திரத்துக்கு வழி இருக்கிறது.

உறுதிக் காணி என்றால் அதன் பதிவு திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் இருக்கும். பழைய உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசுவின் பெயர், பக்கத்துக் காணிக்காரரின் உறுதி இவற்றில் ஏதாவது ஒன்று கிடைத்தாலும் தேடி எடுக்கலாம். பேமிற் காணி என்றால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் உள்ள பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும். பொலிசில் பத்திரம் தொலைந்த முறைப்பாட்டைப் பதிந்து அதன் பிரதியை எடுங்கள். சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்குங்கள். இந்த மூன்றையும் கொண்டு காணிக் கிளைக்குப் போங்கள். நடமாடும் சேவை வரும் நாளில் போனால் பல உத்தியோகத்தர்களை ஒரே இடத்தில் பிடிக்கலாம்.

பேமிற் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பேமிற்றில் காணி எதற்காகத் தரப்பட்டது என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் குடியிருப்பு அல்லது பயிர்ச்செய்கை என்றே இருக்கும். அந்தக் காணியில் கடை நடத்துவதானால் பிரதேச செயலாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். சபை கட்டடத்துக்கு அனுமதி தந்தாலும், காணியின் பாவனைக்கு அனுமதி தரும் அதிகாரம் சபைக்கு இல்லை. இரண்டு அலுவலகம், இரண்டு கடிதம்.

நமது உதாரணத்து அக்காவின் கணவர் இறந்திருந்தால், மரணச் சான்றிதழோடும் விவாகச் சான்றிதழோடும் காணிக் கிளைக்குப் போய்த் தன் உரித்தைப் பதிய வேண்டும். கணவர் காணாமற்போனவர் என்றால் அது வேறு. போர்ச் சூழலில் காணாமற்போய் ஒரு வருடம் கடந்தவருக்கு மரணப் பதிவு செய்ய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. ஆனால் அந்தப் பதிவைச் செய்ய மனம் வராதவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதை நான் அறிவேன். கடைக்குக் கூரை போடுவதற்காக மட்டும் அந்த முடிவை எடுக்க வேண்டாம். காணிக் கிளையில் உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள். பேமிற்காரரின் மனைவியாக அதே வளவில் இருக்கிறேன் என்பதைக் கிராம உத்தியோகத்தர் மூலம் உறுதிப்படுத்தி, திருத்தவேலைக்கு ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் கேளுங்கள். எங்கள் உத்தியோகத்தர் ஒருவர் கூட வருவார்.

வாடகைக் கடை என்றால் சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும். பங்காளிகள் இருந்தால் எல்லோரின் சம்மதமும் வேண்டும். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை அனுப்பச் சொல்லுங்கள். வாய்ச் சம்மதத்தை நம்பிக் கூரை போட்டுவிட்டு, பிறகு வாடகைத் தகராறில் கூரையை விட்டுவிட்டு வெளியேறுவது போல ஒரு நட்டம் வேறில்லை. யார் செலவில் என்ன கட்டப்பட்டது, வெளியேறும்போது அது யாருக்கு என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, வீதி, கரை, காடு

முன்பு வெருகலில் ஆற்றைக் கடக்கப் பாதைக்காகக் காத்திருந்தோம். இப்போது பாலம் இருக்கிறது. ஏ-15 வீதி அகலமாகிவிட்டது. வியாபாரத்துக்கு நல்லது. ஆனால் பழைய கடைகள் பழைய ஒடுங்கிய வீதியை வைத்துக் கட்டப்பட்டவை. அந்த அத்திவாரத்தின்மேல் அப்படியே திரும்பக் கட்டினால், அல்லது ஆறடி முன்னுக்கு நீட்டினால், கடையின் முகப்பு வீதிக்கு உரிய நிலத்துக்குள் போகக்கூடும். ஏ தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, மாகாண வீதி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், உள்ளூர் வீதி என்றால் பிரதேச சபை. எந்த வீதி யாருக்கு உரியது என்று சபையிலேயே சொல்வார்கள். கட்டட எல்லை எங்கே நிற்கிறது என்று அளந்து காட்டச் சொல்லி, அதை எழுத்தில் வாங்குங்கள். வீதி பெருப்பிக்கும்போது அனுமதி இல்லாத முகப்பு உடைபட்டால் நட்டஈடு கேட்டு நிற்க உங்களிடம் எதுவும் இருக்காது.

கடலோரத்தில் இருப்பவர்கள், இலங்கைத்துறை முகத்துவாரம், வெருகல் முகத்துவாரம் பக்கத்தவர்கள், கவனமாகக் கேளுங்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு சேரும் ஆறு, களப்பு இருக்கும் இடத்தில் அது உள்ளுக்கு 2 கிலோமீற்றர்வரை போகலாம். இந்த வலயத்துக்குள் அபிவிருத்தி வேலை செய்யக் கரையோரம் பேணல், கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அறிவித்து, பின்பு அதைத் தளர்த்தினார்கள். அதனால் ஒருவர் கட்டலாம் என்கிறார், ஒருவர் கூடாது என்கிறார். இரண்டையும் நம்பாதீர்கள். உங்கள் வளவுக்கு என்ன நிலை என்று பிரதேச செயலகம் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

நாங்கள் இல்லாத காலத்தில் காடு வளர்ந்த காணிகளும் இருக்கின்றன. வனத் திணைக்களமோ, வனசீவராசிகள் திணைக்களமோ, தொல்லியல் திணைக்களமோ எல்லைக் கல் நாட்டிய இடத்தில் துப்புரவு செய்யத் தொடங்கினால் வழக்கு வரும். உங்கள் பழைய காணிக்குள் அப்படிக் கல் நிற்கிறது என்றால் கல்லைப் பிடுங்காதீர்கள். கிராம உத்தியோகத்தரை அழைத்துக் காட்டி, உங்கள் பத்திரத்தோடு பிரதேச செயலாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள்.

மூன்றாவது, விண்ணப்பம்

காணிக் கடிதமும் எல்லைக் கடிதமும் கையில் வந்தபின் சபைக்குப் போங்கள். விண்ணப்பப் படிவத்தைச் சபையில் கட்டணம் செலுத்தி வாங்கலாம். அதோடு காணிப் பத்திரப் பிரதி, நில அளவைப் படத்தின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, சோலைவரி அறவிடப்படும் இடமானால் அதைக் கட்டிய பற்றுச்சீட்டு, கட்டடப் படம் ஆகியவை வேண்டும். எத்தனை பிரதி என்பதைப் படிவம் வாங்கும்போதே கேளுங்கள். ஒரு பிரதி குறைந்தால் இன்னொரு நாள் கூலி போகும்.

படம் வரைவிக்கக் காசு கொடுக்குமுன், யார் வரைந்த படத்தைச் சபை ஏற்றுக்கொள்ளும் என்று தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டுவிடுங்கள். படத்தில் வீதி, நாலு பக்க எல்லை, கிணறு, மலசலகூடம், கழிவுநீர் போகும் வழி எல்லாம் இருக்க வேண்டும். நிற்கிற சுவர், உடைக்கப்போகிற சுவர், புதிதாகக் கட்டப்போகிற சுவர் மூன்றையும் வெவ்வேறு நிறத்தில் காட்டச் சொல்லுங்கள். திருத்தவேலைப் படங்கள் திரும்பி வருவது இதைக் காட்டாததால்தான்.

விண்ணப்பத்தைக் கொடுத்ததும் திகதியுடன் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இடத்தைப் பார்க்க வருவார்கள். அவர்கள் வரும் நாளில் வீட்டில் ஒருவர் நில்லுங்கள். தவிசாளரின் ஒப்பத்தோடு அனுமதிக் கடிதம் வரும். சபை கலைந்திருக்கும் காலத்தில் செயலாளர் அந்தக் கடமையைச் செய்வார். ஆகவே தேர்தல் முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கடிதத்தில் எவ்வளவு காலத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று இருக்கும். வழக்கமாக ஒரு வருடம். காசு முடிந்து வேலை நின்றுபோனால், அந்தக் காலம் முடியுமுன் நீடிப்புக் கேளுங்கள்.

எந்தக் கட்டணமும் சபையின் பற்றுச்சீட்டோடுதான். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நான் பேசி எடுத்துத் தாறன் என்று இடையில் வருபவர்களிடம் மூலப் பத்திரத்தைக் கொடுக்கவே வேண்டாம்.

நான்காவது, வேலை நடக்கும்போது

இடிந்த சுவரைத் தள்ளுமுன், பற்றையை வெட்டுமுன், அத்திவாரம் கிண்டுமுன் சுற்றிப் பாருங்கள். வெடிக்காத குண்டோ, அடையாளம் தெரியாத இரும்போ கண்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், அருகில் நெருப்பு மூட்டாதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு, அடையாளம் வைத்து, பொலிசுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். எந்த அனுமதியை விடவும் இது முதல்.

உடைந்த அஸ்பெஸ்ரஸ் சீற்றை அடித்து நொறுக்காதீர்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுச் சீற்றாகக் கழற்றி, எங்கே போடுவது என்று சபையைக் கேளுங்கள்.

மணல் விசயம். ஆறு பக்கத்தில் ஓடுகிறது, நாலு லோட் அள்ளிப் போட்டால் என்ன என்று தோன்றும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியச் சட்டத்தின்படி மணல் அகழவும் கொண்டுசெல்லவும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி உள்ளவரிடம் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். மரமும் அப்படியே. வழியனுமதி இல்லாத மரத்தைக் கூரைக்கு ஏற்றினால் பிடிபடுவது வளவுக்காரர்தான்.

2011 தை, மாசி வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் பாருங்கள், அயலவரைக் கேளுங்கள். தரையை அதற்குமேல் உயர்த்த முடிந்தால் உயர்த்துங்கள். உயர்த்தினால் படியோடு சேர்த்து ஒரு சாய்தளமும் கட்டுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் கட்டினால் சக்கர நாற்காலி ஏறும். பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களுக்கு 2006ஆம் ஆண்டு இதற்கென ஒழுங்குவிதிகள் வந்தன. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் ஊரில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களும் உங்கள் கடைக்கு வர வேண்டும்.

ஐந்தாவது, கடையைத் திறக்க

வேலை முடிந்ததும் சபைக்கு அறிவித்து இணக்கச் சான்றிதழ் எடுங்கள். அனுமதித்த படத்தின்படியே கட்டப்பட்டிருக்கிறது என்று சபை சொல்லும் கடிதம் அது. அதில்லாமல் கட்டடத்தைப் பாவிக்கக்கூடாது என்பதுதான் சட்டம். நடுவில் படத்தை மாற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லி, திருத்திய படத்தைக் கொடுங்கள்.

அடுத்தது வியாபாரம். கட்டட அனுமதி வியாபார அனுமதி ஆகாது. கடைக்குப் பெயர் வைத்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு செய்யுங்கள். தேநீர்க் கடை, சாப்பாட்டுக் கடை, பேக்கரி, சலூன் போன்றவற்றுக்குப் பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் வேண்டும். அது ஒவ்வொரு வருடமும் மார்கழி 31உடன் முடியும். தையில் புதுப்பிக்க வேண்டும். சாப்பாட்டு விற்பனை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீர், கை கழுவும் இடம், புகை போகும் வழி, கழிவு, வேலை செய்பவர்களின் சுகாதாரம் எல்லாம் பார்ப்பார். அடுப்படி கட்டியபின் அவரைக் கூப்பிடுவதை விட, படம் வரையும்போதே கேட்பது சிக்கனம். நமது அக்கா தேநீர்க் கடைக்காக ஒரு சுவரை இரண்டு தரம் உடைக்க வேண்டி வராது.

நெல் குற்றும் ஆலை, மா மில், வாகனம் திருத்தும் கராஜ் போடுகிறவர்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் வேண்டும். சிறிய அளவானவற்றுக்கு அதைப் பிரதேச சபையே வழங்குகிறது.

தாமதமானால், மறுத்தால்

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்பை எதிர்த்து எங்கும் போக முடியாது. வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. அரசியலமைப்பு அதைச் சொல்கிறது. தமிழில் எழுதவும் தமிழில் பதில் வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். சட்ட ஆலோசனைக்கு வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் திருகோணமலையில் இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் அங்கே இருக்கிறது.

ஏற்கெனவே அனுமதி இல்லாமல் கட்டிவிட்டோம், இனி என்ன செய்வது என்று சிலர் யோசிப்பது தெரிகிறது. ஒளிக்காதீர்கள். கட்டியதற்குப் படம் வரைவித்து, நீங்களாகவே சபைக்குப் போய் அனுமதி கேளுங்கள். மேலதிகக் கட்டணம் வரலாம். ஆனால் நிறுத்தச் சொல்லி அறிவித்தல் வந்து, நீதவான் நீதிமன்றம்வரை போய், உடைக்கும் கட்டளை வருவதை விட அது குறைவு.

இந்தக் கடிதங்கள் காணிக்கு உறுதி ஆகிவிடாது. அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆனால் எங்களிடம் இருந்த எல்லாத் தாளும் 2006இல் போய்விட்டது. இன்ன திகதியில், இன்ன காணியில், இன்னாரின் கடை நிற்கிறது என்று அரசாங்க முத்திரையோடு சொல்லும் ஒரு தாள் மறுபடி எங்கள் கைக்கு வருவது சின்ன விசயமா? நாளைக்கு வங்கியில் கடன் கேட்டாலும், வீதிக்கு நிலம் எடுத்தாலும், பிள்ளைகள் பங்கு பிரித்தாலும் அந்தத் தாள்தான் முதலில் பேசும்.

அதனால் கடைசியாக ஒன்று. பொலித்தீன் உறை ஒன்று இந்தக் கையேட்டோடு தந்திருக்கிறோம். ஒவ்வொரு கடிதத்தையும் அதில் போடுங்கள். ஒரு தொகுதிப் போட்டோப் பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுங்கள். உறையைப் பெட்டிக்கு அடியில் வைக்க வேண்டாம், வாசலுக்குப் பக்கத்தில் கொழுவி வையுங்கள். வெள்ளம் வந்தாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்போது வரிசையாக வாருங்கள். யாரிடம் என்ன தாள் இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்போம். பத்திரம் எதுவுமே இல்லாதவர்கள் முதலில் வாருங்கள்.